என் மெட்டின் கீழே ‘பாரம்பரிய இசை’ என்று போட்டிருக்கிறார்கள்: நான் என்ன செய்யலாம்?

மந்தைவெளியில் முப்பது ஆண்டுகளாக வீணை கற்றுக்கொடுத்துவரும், அறுபத்தொரு வயதான வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ கல்லூரியையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

2012இல் ஒரு நாட்டியப் பள்ளியின் நாட்டிய நாடகத்துக்காக, சாருகேசி ராகத்தில், ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில், ஏறத்தாழ ஏழு நிமிடம் வரும் வாத்திய இசை ஒன்றை அவர் அமைத்துக் கொடுத்தார். பள்ளி அதைத் தன் செலவில் சாலிகிராமத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்து, விழாவுக்கு வந்தவர்களுக்குக் குறுந்தகடாகவும் வழங்கியது. அட்டையின் பின்புறம், பொடி எழுத்தில், ‘இசையமைப்பு’ என்று இவர் பெயர் இருக்கிறது. வெற்றிலை பாக்குத் தட்டில் ஒரு கவர். அதில் 15,000 ரூபாய். ஒப்பந்தம் என்று எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

சென்ற மாதம், உறவுக்காரப் பெண் ஒருத்தியின் சான்றிதழ் விஷயமாக ஒரு கல்லூரிக்குப் போன இடத்தில், இரண்டாம் மாடி அறையிலிருந்து அதே மெட்டு கேட்டிருக்கிறது. டிரம்ஸ், பேஸ் கிட்டார், கீபோர்டு, வயலின், புல்லாங்குழல் என்று ஐந்தாறு மாணவர்கள். படிக்கட்டிலேயே நின்று கேட்டிருக்கிறார். “தகிட தகதிமி என்று ஏழாக நடக்க வேண்டியதை, தகிடவோடு ஒன்று கூட்டி எட்டாக்கிவிட்டார்கள். தைவத ஸ்வரத்தில் இருக்க வேண்டிய அசைவு கீபோர்டில் கட்டை மாதிரி நிற்கிறது. ஆனால் ஓர் இடத்தில் எட்டு முறை தடுமாறி நிறுத்தி, எட்டு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த இடத்தில்தான் நானும் இரண்டு நாள் திண்டாடினேன்” என்று எழுதுகிறார். கைப்பேசியில் மூன்று நிமிடம் பதிவு செய்துகொண்டு கீழே இறங்கியவர், அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தார்: டிசம்பரில் கல்லூரி ஆண்டு விழா, ஜனவரியில் வேறொரு கல்லூரியின் கலைவிழாவில் ரொக்கப் பரிசுப் போட்டி, பிறகு யூடியூப் வெளியீடு. நிகழ்ச்சிப் பட்டியலில் அந்த இசைக்கு நேராக, ‘பாரம்பரிய இசை’.

“அரசிடம் பதிவு செய்யவில்லை, பணமும் வாங்கிவிட்டேன், எனக்கு ஏதாவது உரிமை மிச்சம் இருக்கிறதா? மாப்பிள்ளை வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார். தங்கை, பிள்ளைகள்தானே, விடு என்கிறாள். கைப்பேசிப் பதிவை முகநூலில் போட்டு, இது என் இசை என்று சொல்லலாமா? எனக்கு வந்தது கோபமா சந்தோஷமா என்றே தெரியவில்லை.” கடிதம் இப்படி முடிகிறது.

அன்புள்ள அம்மா,

கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வந்தது இரண்டும்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. எட்டு முறை நிறுத்தினார்கள் என்று எண்ணிக்கொண்டு நின்றவர் கோபத்தில் மட்டும் நின்றிருக்க முடியாது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் உரிமை என்ன என்பது ஒரு கேள்வி. உங்களுக்கு என்ன வேண்டும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியும். இரண்டாவதைத் தீர்மானிக்காமல் என் போன்ற வழக்கறிஞர்களிடம் ஒரு நோட்டீஸ் எழுதி வாங்குவது, எந்த ராகம் என்று முடிவு செய்யாமலே பாட உட்காருவது போன்றது.

உரிமை உங்களிடமே இருக்கிறது

பேச்சு வழக்கில் காப்புரிமை என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். கண்டுபிடிப்புகளுக்குரிய பேட்டன்ட்டும் அதில் கலந்துவிடுவதால் நான் பதிப்புரிமை என்றே எழுதுகிறேன். பேட்டன்ட்டைப் பதிவு செய்து பெற வேண்டும், பதிப்புரிமை அப்படியல்ல. நீங்கள் அந்த மெட்டை அமைத்த அன்றே, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை பிறந்துவிட்டது. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன்பின் அறுபது ஆண்டுகளும் அது நிற்கும். பதிவு செய்வது உங்கள் விருப்பம். பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக, அதாவது மறுக்கப்படும்வரை போதுமான சான்றாக, ஏற்கும் என்பதுதான் அதன் பயன். கட்டணமும் 500 ரூபாய்தான் என்பதால் செய்துவிடுங்கள் என்பேன். ஆனால் அது இல்லாததால் நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை.

ஸ்வரப்படுத்தி அச்சிடவில்லையே என்றும் ஓரிடத்தில் வருந்தியிருக்கிறீர்கள். இசையைக் குறியீடாக எழுதினாலும் எழுதாவிட்டாலும், அமைத்தவரே இசையமைப்பாளர் என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. கேட்டுக் கேட்டே கற்றுவந்த நம் ஊர்க் கலைஞர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. உங்களிடமோ 2012 தேதியிட்டுப் பென்சிலில் ஸ்வரம் எழுதிய கோடுபோட்ட நோட்டு இருக்கிறது. உங்கள் பெயர் அச்சான குறுந்தகட்டு அட்டை இருக்கிறது. வெளியான பிரதியில் ஒருவர் பெயர் ஆசிரியராகக் காணப்பட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அவரே ஆசிரியர் என்று அனுமானிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்தப் பொடி எழுத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

இனி, பணம் வாங்கிய விஷயம். காசு வாங்கினால் பொருள் கைமாறிவிட்டது என்பது கடைக்குப் பொருந்தும் நியாயம். நீங்கள் அந்தப் பள்ளியில் மாதச் சம்பள ஊழியராக இருந்து, வேலையின் பகுதியாக அதை அமைத்திருந்தால் உரிமை பள்ளிக்குப் போயிருக்கும். வெளியாளாக இருந்து ஒரு வேலையை முடித்துக் கொடுத்தீர்கள். அப்படிப்பட்ட நிலையில் மெட்டின் உரிமை பள்ளிக்கு மாற வேண்டுமானால், நீங்கள் கையெழுத்திட்ட எழுத்துவடிவ ஒப்படைப்பு வேண்டும். தட்டில் வந்த கவர் ஒப்படைப்பு ஆகாது. ரசீது என்று சொல்லி ஏதேனும் தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று மட்டும் நன்றாக யோசித்துப் பாருங்கள். அப்படி ஒன்று இருந்து, அதில் கால அளவு குறிப்பிடப்படவில்லையென்றால், அது ஐந்தாண்டுக்குத்தான் என்று சட்டம் கொள்ளும். 2012இல் கொடுத்தது எப்போதோ முடிந்திருக்கும்.

ஒலிப்பதிவு மட்டும் வேறு. அந்தக் குறுந்தகட்டில் இருக்கும் பதிவு, முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துச் செலவு செய்த பள்ளிக்கே உரியது. ஒரே ஏழு நிமிடத்துக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன: மெட்டு உங்களுடையது, பதிவு அவர்களுடையது. மாணவர்கள் காதால் கேட்டு வாசித்தால் அது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான விஷயம். குறுந்தகட்டில் உள்ள மிருதங்கத்தை அப்படியே பின்னணியில் ஓடவிட்டால் பள்ளியும் இதற்குள் வந்துவிடும்.

எது உங்களுடையதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாருகேசி யாருக்கும் சொந்தமில்லை, மிஸ்ர சாபுவும் அப்படியே. அதே ராகத்தில் அதே தாளத்தில் அந்தப் பிள்ளைகள் நாளைக்கு வேறொன்று அமைத்தால் நீங்கள் கேள்வி கேட்க முடியாது. நீங்கள் கோத்த வரிசை, திருப்பம், முடிக்கும் தீர்மானம் ஆகியவையே உங்களுடையவை.

நான்கு இடங்கள், நான்கு பதில்கள்

‘உங்கள் அனுமதி இல்லாமல் யாரும் வாசிக்கவே கூடாது’ என்று உங்கள் மாப்பிள்ளை சொல்வது முழுக்கச் சரியல்ல. 2017இல் இளையராஜா எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பிய பிறகு, இந்த ஊரில் டீக்கடை வரைக்கும் எல்லோரும் பதிப்புரிமைச் சட்டம் பேசினார்கள். பேசியதில் பாதி தவறு. அது டிக்கெட் விற்கும் மேடைக் கச்சேரிகளைப் பற்றியது. கல்லூரி ஒத்திகை அறையை அதே கண்ணால் பார்க்கக் கூடாது.

அறைக்குள் நடக்கும் ஒத்திகை பொது நிகழ்ச்சியே அல்ல. அதை நீங்கள் தடுக்க முடியாது. அடுத்தது ஆண்டு விழா. ஒரு கல்வி நிறுவனத்தின் நடவடிக்கைகளின் பகுதியாக, அதன் மாணவர்களும் ஆசிரியர்களும், மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் ஆகியோர் மட்டுமே உள்ள அவையின் முன் ஓர் இசைப் படைப்பை வாசித்தால் அது மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆகவே டிசம்பர் நிகழ்ச்சியையும் விட்டுவிடுங்கள். உங்கள் மெட்டை டிரம்ஸுக்கும் பேஸுக்குமாக மாற்றி அமைத்தது வேறு. அப்படி மாற்றி அமைப்பது சட்டப்படி தழுவல்; தழுவும் உரிமை உங்களுடையது; வாசிப்பதற்கான விலக்கு அதற்கும் நீளுமா என்று வாதாட இடம் உண்டு. ஆனாலும் கல்லூரி எல்லைக்குள் நடப்பதற்காக அந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகச் சொல்ல மாட்டேன்.

ஜனவரிப் போட்டியில் நிலைமை மாறுகிறது. வேறொரு கல்லூரியின் மேடை, வெளியிலிருந்து வரும் கூட்டம், நுழைவுக் கட்டணம், ரொக்கப் பரிசு என்று வரும்போது இந்த விலக்கு நிற்பது கடினம். தொழில்முறை அல்லாத பொழுதுபோக்குக் குழுக்களுக்கு இன்னொரு விலக்கு உண்டு. அதுவும் கட்டணமில்லாத அவைக்குத்தான். விழா நடத்துகிறவர்கள், ‘ஐ.பி.ஆர்.எஸ்ஸுக்குப் பணம் கட்டி உரிமம் எடுத்திருக்கிறோம்’ என்று சொல்லக்கூடும். இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் உரிமம் தரும் சங்கம் அது. 1969இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம் தன் உறுப்பினர்களின் படைப்புகளுக்குத்தான் உரிமம் தர முடியும். நீங்கள் உறுப்பினர் இல்லை என்று எழுதியிருப்பதால், அந்த உரிமம் உங்கள் மெட்டைத் தொடாது.

நான்காவது யூடியூப். இங்கே தயக்கமே வேண்டாம். மெட்டை ஒலிப்பதிவு செய்வதும், பொதுமக்களுக்கு இணையத்தில் கொண்டுசேர்ப்பதும் உங்கள் அனுமதி வேண்டிய செயல்கள்; மாணவர்கள் என்பதற்காக அதில் விலக்கு இல்லை. ‘ஐந்து வருடம் ஆனால் யார் வேண்டுமானாலும் கவர் வெர்ஷன் போடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். சட்டத்தில் ஐந்தாண்டு என்ற பேச்சு இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும், உரிமையாளர் சம்மதிக்காத, தொழில்நுட்பத் தேவையும் இல்லாத மாற்றம் எதையும் மெட்டில் செய்யக் கூடாது. ஏழை எட்டாக்கியவர்கள் அந்த வாசல் வழியாக நுழைய முடியாது.

பெயரும் தாளமும்

உங்கள் கடிதத்தில் ‘பாரம்பரிய இசை’ என்ற சொற்களுக்கு இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றிய வரியில் ஒரு கோடும் இல்லை. உங்களுக்கு வலித்த இடம் எது என்று எனக்குப் புரிகிறது. அந்த இடத்தில்தான் சட்டமும் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. 57ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையதே என்று படைத்தவர் கோரும் உரிமையைத் தனியாகத் தருகிறது. பதிப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டவருக்குக்கூட அது உண்டு. அவை சிறியதா பெரியதா, டிக்கெட் உண்டா இல்லையா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அதனால் ஆண்டு விழாவில் அவர்கள் வாசிப்பதை நீங்கள் தடுக்க முடியாவிட்டாலும், உங்கள் பெயரைப் போடும்படி கேட்கலாம். அந்தப் பிள்ளைகள் திருடினார்கள் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் கைமாறி வரும் எம்.பி.3க்கு அட்டை கிடையாது. பெயர் தெரியாத நல்ல மெட்டு கிடைத்தால், பழைய காலத்துச் சொத்து என்று நினைத்துக்கொள்வது நம்மிடம் உள்ள பழக்கம். ஒரு விதத்தில் அதைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாராட்டில் உங்கள் பெயர் இல்லை.

ஏழு எட்டான விஷயத்தில் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். அதே 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் அந்தச் சிதைவு உங்கள் மதிப்புக்கோ புகழுக்கோ ஊறு விளைவிப்பதாக இருக்க வேண்டும். மனம் புண்பட்டது என்பது மட்டும் போதாது. சாபு தாளம் நன்றாக உட்காராத ஒரு டிரம்ஸ் மாணவர் ஓர் எண்ணிக்கை கூட்டிக்கொண்டதை ‘புகழுக்கு ஊறு’ என்று நீதிபதியை நம்பவைக்க என்னால் முடியும் என்று நான் சொன்னால், என்னை நம்பாதீர்கள். நீதிமன்றம் ஒருவேளை ‘வாசிக்காதே’ என்று உத்தரவிடலாம். ‘தகிட தகதிமியாக வாசி’ என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிட முடியாது. அதைச் சொல்லிக்கொடுக்க வீணை டீச்சர்தான் போக வேண்டும்.

நோட்டீஸ் அனுப்பினால்

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு நாதஸ்வர வித்வான், தான் அமைத்த மல்லாரியை (கோயில் புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் வாசிக்கும் உருப்படி) தன் பெயர் சொல்லாமல் வாசித்த ஒரு பள்ளிக்குழுவுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பத்தே நாளில் மன்னிப்புக் கடிதம் வந்தது; ‘இனி எக்காலத்திலும் மேற்படி உருப்படியை வாசிக்க மாட்டோம்’ என்று எழுதியிருந்தார்கள். வித்வான் அந்த வரியை என் எதிரிலேயே இரண்டு முறை படித்துவிட்டு, ‘வாசிக்க வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே சார்’ என்றார். சட்டப்படி வெற்றி எங்களுக்குத்தான்.

அதோடு ஓர் ஆபத்தும் உண்டு. உரிமை மீறல் இல்லாத இடத்தில் ஆதாரமின்றி மிரட்டினால், மிரட்டப்பட்டவர் நம்மீதே வழக்குப் போட 60ஆவது பிரிவு இடம் தருகிறது. ஒத்திகையையும் ஆண்டு விழாவையும் சேர்த்து இழப்பீடு கேட்டு நோட்டீஸ் விட்டால், கல்லூரியின் வழக்கறிஞர் முதலில் அந்தப் பிரிவைத்தான் திறப்பார். யூடியூபில் வந்த பிறகு புகார் செய்து எடுக்கவைக்கும் வழியும் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது; ஆனால் தொண்ணூறு நாளுக்குள் மூன்று பதிப்புரிமைப் புகார்கள் நிலைத்தால் அந்தச் சேனலே மூடப்படலாம். மாணவர்களோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை.

உங்கள் தங்கை சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பேசாமல் விட்டால், அந்த வீடியோ ‘பாரம்பரிய இசை’ என்ற பெயரோடு இணையத்தில் ஏறும். அதைப் பார்த்து இன்னொரு குழு வாசிக்கும். ஐந்து வருடம் கழித்து, இது என்னுடையது என்று நீங்கள் சொன்னால் சிரிப்பார்கள்.

கைப்பேசிப் பதிவு

முகநூலில் போடாதீர்கள். மெட்டு உங்களுடையது, ஆனால் அந்த வாசிப்பு அவர்களுடையது. நிகழ்த்துகிறவர்களுக்கும் 38ஆம் பிரிவு முதலானவற்றில் தனி உரிமை இருக்கிறது. உங்கள் சொந்த உபயோகத்துக்கு ஒரு பதிவை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அவர்கள் சம்மதமின்றி அதை ஊருக்குக் காட்டினால், அவர்கள் உங்களுக்குச் செய்ததையே நீங்கள் அவர்களுக்குச் செய்ததாகிவிடும். பதிவை அழிக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். பின்னாளில் சான்றாக வேண்டியிருந்தால், மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழோடு தர வேண்டும்; 2024 ஜூலை முதல் அது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்கீழ் வருகிறது. கைப்பேசியை மாற்றுவதாக இருந்தால் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது செய்ய வேண்டியது

இசைக்குழுவின் பொறுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். முதல்வருக்கு நகல் வைக்க வேண்டாம், அது பிள்ளைகளை விசாரணைக்கு நிறுத்தும். ‘இது 2012இல் நான் அமைத்தது, அட்டையின் நகல் இத்துடன்’ என்று தொடங்கி, நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எல்லா அறிவிப்பிலும் இசையமைப்பு என்று உங்கள் பெயர் வர வேண்டும், ஜனவரிப் போட்டியில் வாசிக்க இந்த ஒரு முறைக்கு (விருப்பமிருந்தால் ஒரு தொகைக்கு) அனுமதி தருகிறீர்கள், யூடியூபில் ஏற்றும் முன் உங்களிடம் போட்டுக் காட்டித் தனியாக எழுத்தில் அனுமதி பெற வேண்டும், ஒத்திகைக்கு ஒருநாள் வர விரும்புகிறீர்கள். அனுமதி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். மாடிப்படியில் பிள்ளைகள் காலைத் தொட்டு வணங்கும்போது, ‘நன்னா வாசிங்கோ, போட்டுக்கோங்கோ’ என்று வாயில் வந்துவிடும்; வீடியோவைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். கடிதத்துக்குப் பதிலே இல்லாமல் இரண்டு வாரம் போனால் எனக்கு எழுதுங்கள். அப்போது நோட்டீஸுக்கு நியாயம் இருக்கும், போட்டிக்கு முன் அவகாசமும் இருக்கும்.

மெட்டு எட்டில் போகட்டும் என்று சம்மதிப்பதா, ஏழிலேயே நிற்க வேண்டும் என்பதா என்பதை அறைக்குள் உட்கார்ந்து கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். எட்டை ஒப்புக்கொண்டால், ‘இசை’ என்று உங்கள் பெயரும் ‘வாத்திய அமைப்பு’ என்று அவர்கள் பெயரும் தனித்தனியாக வரட்டும் என்று அதே தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

பலகையில் வியாழக்கிழமை நான்கு மணிக்கு ஒத்திகை என்று போட்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். போகும்போது அந்தப் பென்சில் நோட்டின் நகலை எடுத்துப் போங்கள். மூலம் வீட்டிலேயே இருக்கட்டும்.